கிரைண்டரோடு பிறந்த மடிக்கணினி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் நடந்த விழாவில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா பல திட்டங்களை ஒரே மேடையில் தொடங்கி வைத்தார். குடும்பங்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி. மற்ற மாவட்டங்களுக்கு எல்லாமே அரசு கொடுத்த பொருள்கள். கோயம்புத்தூருக்கு மட்டும் அவற்றில் ஒன்று சொந்தச் சரக்கு.

கிரைண்டர் பிறந்த ஊர் இது. 1950களில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், பீளமேட்டு மோட்டார், கணபதியின் லேத்துப் பட்டறை எல்லாம் அதன் பின்னால் சேர்ந்துகொண்டன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அரசு ஆர்டர் வந்ததும் இங்குள்ள பட்டறைகளிலிருந்து கிரைண்டர்கள் லாரி ஏறி வெளி மாவட்டங்களுக்குப் போயின. அதே மாதங்களில், வெளியிலிருந்து வந்த லாரிகள் கொங்கு நாட்டுப் பள்ளிகளின் வாசலில் மடிக்கணினிப் பெட்டிகளை இறக்கின. ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட இந்த இரண்டு பொருள்களில் ஒன்று இன்னும் பல வீடுகளில் மாவாட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று எங்கே போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் குலவரலாறு. பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பொருளை யார் வாங்கித் தருவது என்ற கேள்வி இங்கே பழையது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1952 முதல் பத்து ஆண்டுகள் சென்னை மாநில அமைச்சர், கல்வித் துறையையும் கவனித்தவர். அவருடைய காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். தங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், குடிநீர்ப் பானை, கட்டடம் என்று முடிந்ததை ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் என்ன கொடுத்தார் என்பது ஊருக்கே தெரியும். பெஞ்சின் கால் உடைந்தால் ஊர் ஆசாரி வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். சீரமைப்பு என்ற பெயருக்கு ஏற்ற ஏற்பாடு அது.

கணினிக்கு அந்த வழி பொருந்தவில்லை. 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கணினி அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற நிறுவனம் செய்த இயந்திரம் அது. (அதே நிறுவனம் பிறகு வடிவமைத்த ஏ.ஆர்.எம். சில்லின் வாரிசுதான் இன்று நம் செல்பேசிகளுக்குள் இருக்கிறது.) நம்மூர் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி அறிவியல் பாடம் பரவலாக வந்தது தொண்ணூறுகளின் முடிவில். கணினி அறை என்றாலே செருப்பைக் கழற்ற வேண்டும், திரைச்சீலை போட்டிருக்கும், சாவி ஓர் ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். பத்துப் பேருக்கு ஒரு கணினி. விசைப்பலகை முதல் வரிசைப் பிள்ளைக்கு, பின்னால் நிற்பவருக்குத் திரை. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் உறை கழற்றப்பட்ட கணினிகளும் உண்டு. தூசி படும், பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் பெரிது. கெட்டால் சரிசெய்யப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பிலும் இல்லை என்பது அந்தப் பயத்தின் வேர்.

2011-இன் திட்டம் அந்தப் பூட்டை உடைத்தது. அதை நான் முழு மனதோடு சொல்கிறேன். அறையில் வைத்துப் பூட்ட வேண்டாம், பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம் என்பது துணிச்சலான முடிவு. 2011-12 திருத்திய பட்ஜெட்டில் 9.12 இலட்சம் மடிக்கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒன்றுக்குப் பத்தாயிரம் என்ற கணக்கு. டெண்டர் முடிந்தபோது உண்மை விலை அதைத் தாண்டியது. ஐந்து ஆண்டுகளில் 68 இலட்சம் பேருக்கு, பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்பது மொத்த மதிப்பீடு. உலகத்தில் எந்த மாநில அரசும் அதுவரை இந்த அளவுக்கு மடிக்கணினி வாங்க இறங்கியிருக்குமா என்பது சந்தேகம். அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற மலிவுக் கைக்கணினியை வெளியிட்டார். விலை குறைவு என்பதே அதன் விளம்பரம், தரம் போதவில்லை என்பதே அதன் முடிவு. தமிழ்நாடு மலிவுப் பொருளைத் தேடவில்லை. கடையில் விற்கும் தரத்திலான உண்மையான மடிக்கணினியை மொத்தமாக வாங்கியது.

வாங்கியது எல்காட். 1977-இல் தொடங்கப்பட்ட அரசின் மின்னணு நிறுவனம். டெண்டரில் கேட்ட அம்சங்கள் இவை: விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இரண்டும் ஒரே கணினியில் இருக்க வேண்டும், மூடியில் முதலமைச்சர் படமும் அரசு முத்திரையும் இருக்க வேண்டும். ஏசர், லெனோவா, எச்.சி.எல். போன்ற பெயர்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயில் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். சில்லுகளும் திரையும் கிழக்காசியாவில் பிறந்தவை. சப்ளை முதலில் மாவட்டத்துக்கு, அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பட்டியல்படி பள்ளிகளுக்கு. வரிசை எண்ணையும் மாணவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். எம்.எல்.ஏ. அல்லது அமைச்சர் தேதி கொடுக்கும்வரை பெட்டிகள் வகுப்பறையில் காத்திருக்கும். அந்த நாள்களில் தலைமையாசிரியருக்குத் தூக்கம் கிடையாது. காவலாளி இல்லாத பள்ளிகள் எத்தனையோ. பூட்டை உடைத்துக் களவு போன இடங்களும் உண்டு. களவுபோனவற்றுக்குத் தலைமையாசிரியர் பணம் கட்ட வேண்டும் என்ற உத்தரவுகள் நீதிமன்றம் வரை போயின. கோடிகளை ஒதுக்கிய அரசாணைக்கு ஓர் இரவுக் காவலரின் சம்பளம் நினைவுக்கு வரவில்லை.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, மடிக்கணினி போன்றவற்றைத் தேர்தல் வாக்குறுதியாகச் சொல்லிக் கொடுப்பது இலஞ்சமா என்ற கேள்வியோடு வழக்கறிஞர் எஸ். சுப்பிரமணியம் பாலாஜி உச்ச நீதிமன்றம் போனார். 2013 ஜூலை 5-இல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் சட்டப்படி முறைகேடு என்று சொல்ல முடியாது, ஆனாலும் இத்தகைய வாக்குறுதிகள் நியாயமான தேர்தலைப் பெரிதும் அசைக்கின்றன, தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறிகளை வகுக்கட்டும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ப. சதாசிவம். ஈரோடு மாவட்டத்தில் பவானிப் பக்கத்துக் காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அதே மாதம் இந்தியத் தலைமை நீதிபதியானார். மடிக்கணினி கையில் வாங்கிய பிள்ளைகளின் ஊர்களைப் போன்றதொரு ஊரிலிருந்து போனவரின் கையெழுத்தில்தான் அந்தத் திட்டம் தொடர வழி பிறந்தது.

சரி, மடிக்கணினி வீட்டுக்கு வந்தது. எந்த நேரத்தில் வந்தது? 2012, தமிழ்நாட்டின் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லாத நாள்கள் இருந்தன. சோமனூர், பல்லடம் பக்கத்தில் தறி ஓடவில்லை. பவுண்டரி உலைகள் ஆறிக் கிடந்தன. அந்த இருட்டில் தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் தனக்குத்தானே வெளிச்சம் வைத்திருந்த பொருள் மகள் கொண்டுவந்த மடிக்கணினி ஒன்றுதான். இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரி தாங்கும். அதற்குள் பாட்டு, படம், பக்கத்து வீட்டுப் பையன் பென்டிரைவில் கொண்டுவந்த இன்னொரு படம். பாடத்துக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு என்று அன்று கேலி பேசாதவர் இல்லை. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு கிடையாது. பணக்கார வீட்டுப் பிள்ளை கணினியில் முதலில் செய்ததும் விளையாட்டுதான். கைக்குப் பழகாத பொருள் யாருக்கும் கருவியாகாது.

அதிலும் பெண் பிள்ளைகள். வீட்டில் ஒரே செல்பேசி, அது அப்பாவின் சட்டைப் பையில். அண்ணனுக்குச் சைக்கிள், தம்பிக்குக் கிரிக்கெட் மட்டை. பதினாறு வயதுப் பெண்ணின் பெயரில், அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய, அவளுடைய சொத்து என்று சொல்லத்தக்க முதல் பெரிய பொருள் பல வீடுகளில் அந்த மடிக்கணினிதான். டேலி கற்றுக்கொண்டு திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உட்கார ஆசைப்பட்ட பெண்ணுக்கு, வகுப்புக்குப் போய்வந்த பிறகும் வீட்டில் பழகிப் பார்க்க ஓர் இயந்திரம் இருந்தது. இதை எந்தக் கணக்கெடுப்பும் முழுதாக எழுதிவைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பள்ளிக் கல்விக்கென்று வாங்கிய இந்தப் பொருள் பள்ளிக்குள் வேலை செய்யவே இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர் கையில் கொடுத்தார்கள். எந்த மாதம் கொடுத்தார்கள்? பல ஆண்டுகளில் தேர்வு நெருங்கும் வேளையில், சில ஆண்டுகளில் பிள்ளை பள்ளியை விட்டே போன பிறகு. கொடுத்த அன்றே வீட்டுக்குப் போய்விடும். வகுப்புக்குத் தினமும் கொண்டுவரச் சொன்ன பள்ளியை நான் பார்த்ததில்லை. கொண்டுவந்தால் சார்ஜ் போட ஒரு வகுப்பறையில் நாற்பது பிளக் வேண்டுமே. இயற்பியல் ஆசிரியருக்கோ வரலாற்று ஆசிரியருக்கோ இதை வைத்து ஒரு பாடம் நடத்துவது எப்படி என்று யாரும் தொடர்ந்து சொல்லித்தரவில்லை. ஆகவே அது கல்லூரிக்குப் போகும் சீதனம்போல ஆனது. 2019-இல் நடப்பு மாணவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு முந்தைய ஆண்டு படித்து முடித்தவர்களை நிறுத்திவைத்தபோது, பழைய மாணவர்கள் பல ஊர்களில் தாங்கள் படித்த பள்ளியின் வாசலிலேயே வந்து உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் பள்ளிக்குரிய பொருளைப் பள்ளியை விட்டுப் போனவர்கள் வந்து கேட்கும்படி ஆனது திட்டத்தின் கோளாறு.

இனி அதன் நோய்க்காலம். மடிக்கணினியின் பேட்டரிக்குள் பென்டார்ச் பேட்டரியைவிடச் சற்றுப் பெரிய உருளைகள் இருக்கும், லித்தியம் அயனிக் கலங்கள். முந்நூறு முதல் ஐந்நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் அவற்றின் கொள்ளளவு தேயும். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் கெடும். விழா தேதிக்காகக் காத்திருந்த பெட்டிகளுக்குள்ளேயே இந்தத் தேய்மானம் தொடங்கிவிட்டிருக்கும். அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதற்குள் தட்டு சுழலும், கீழே விழுந்தால் போய்விடும். மூன்றாவது சார்ஜர் வயர், அது எலிக்கும் பிடிக்கும். இந்த மூன்றும் மூன்று நான்கு ஆண்டுகளில் வந்தே தீரும் என்பது கணினி விற்கும் எவருக்கும் தெரியும்.

காந்திபுரத்துப் பழுது பார்க்கும் கடைகளில் அந்தக் கணினியை மேசையில் வைத்ததுமே "கவர்மெண்டு லேப்டாப்புங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் மாடல், வயது, நோய் மூன்றும் அடங்கியிருக்கும். புதுப் பேட்டரிக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்றால் அம்மா கையைப் பிசைவார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் கண்ணு" என்று திரும்பிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் கூட்டி, அதை இன்னும் ஐந்தாண்டு ஓட்டினார்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய 2020 ஜனவரி 14-க்குப் பிறகும், அதே இயந்திரத்தில் இருந்த லினக்ஸைப் பயன்படுத்தியிருக்கலாம். அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்களே அதிகம். சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் ஆயுள் கூடியிருக்கும்.

இப்போது கிரைண்டரிடம் திரும்புவோம். அதற்கும் பெல்ட் தேயும், மோட்டார் புகையும், கல் மழுங்கும். எந்த ஊரானாலும் பெல்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். காயில் சுற்றித்தர ஒரு பையன் இருப்பான், கல் கொத்த ஆள் தெருவுக்கே வருவார். கிரைண்டருக்கு அரசு பராமரிப்புப் பணம் ஒதுக்கவில்லை, ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை. அதைச் செய்தவர்களும் சரிசெய்பவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். மடிக்கணினிக்கு அப்படி ஒரு தெரு இல்லை. அந்தத் தெருவை உண்டாக்க வேண்டியது அரசு. கோயம்புத்தூரில் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் எவ்வளவு! ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் ஐ.டி.ஐ.யில் வாரம் ஒரு நாள் அரசு மடிக்கணினி பழுது பார்க்கும் முகாம் வைத்திருந்தால், பிள்ளைகள் கற்ற தொழில் ஒரு பக்கம், பிழைத்த இயந்திரம் மறுபக்கம். அதற்கு ஆகும் செலவு, வாங்கிய செலவின் ஓரத்தில் எழுதக்கூடிய தொகை. பம்புசெட்டும் மோட்டாரும் தானே பிரித்து மாட்டிப் பழகிய ஊரில் இந்த யோசனை யாருக்கும் தோன்றாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடிய கோடையில் அந்த மடிக்கணினிகளுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. பிளஸ் டூ மாணவர்கள் மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பாட வீடியோக்களை அதில் ஏற்றித் தருவதற்கு அந்த ஜூலையில் ஏற்பாடு நடந்தது. இணையம் இல்லாத வீட்டிலும் அவை ஓடும். தாளவாடி, பர்கூர், கடம்பூர், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளில் செல்பேசிக்குச் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றபோது, வீடியோ ஏற்றிய மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே வகுப்பு நடத்தியது. ஒன்பது ஆண்டுத் திட்டம் தன் பெயருக்குப் பொருத்தமாகப் பள்ளிப் பாடத்துக்குத் துணை நின்றது அந்தச் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு வழங்கலே நின்றுபோனது. சில்லுத் தட்டுப்பாடு, விலையேற்றம், ஆட்சி மாற்றம் என்று காரணங்கள் சொன்னார்கள். அதுவரை 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள், ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

இதற்கிடையே பணம் வேறு வாய்க்காலில் திரும்பியிருந்தது. 2017 முதல் 2021 வரை பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ. செங்கோட்டையன். அவருடைய காலத்தில் 3,090 உயர்நிலைப் பள்ளிகள், 2,939 மேல்நிலைப் பள்ளிகள் என 6,029 அரசுப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அமைக்கும் திட்டம் நடந்தது. நானூறு கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆட்சியில் அது கீழ் வகுப்புகளுக்கு இறங்கியது: 22,931 தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நடுநிலைப் பள்ளிகளுக்கு ஆய்வகம், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினி. மொத்தம் 1,076 கோடி ரூபாய். அந்த ஆர்டரை எடுத்தது கெல்ட்ரான், கேரள அரசின் நிறுவனம். ஒரு விதத்தில் பழைய பூட்டிய அறைக்கே திரும்பினோம். ஆனால் இந்த முறை அறைக்குள் தேர்வும் நடக்கிறது, பாடமும் ஓடுகிறது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே விசைப்பலகை கைக்கு வருகிறது என்பது பெரிய முன்னேற்றம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கேரளம் என்றதால் சொல்கிறேன், வாளையாறு தாண்டினால் வேறொரு வழியைப் பார்க்கலாம். 2001-இல் அங்கே 'ஐடி அட் ஸ்கூல்' தொடங்கினார்கள். அதுவே 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. அவர்கள் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கு ஏற்றபடி தாங்களே மாற்றினார்கள். 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிகளில் மாணவர் குழுக்களை அமைத்தார்கள். கணினியைப் பராமரிப்பதிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. 45,000 வகுப்பறைகளுக்கு உபகரணம் போனது ஆசிரியர் பயிற்சியும் மென்பொருளும் ஊன்றிய பிறகு. எதிர்த் திசையில் ஓர் எடுத்துக்காட்டு தென்னமெரிக்காவில் இருக்கிறது. நிக்கோலஸ் நெக்ரோபான்டி 2005-இல் தொடங்கிய 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கத்தில் பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை வாங்கியது. 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை என்றது. இயந்திரம் போனது, அதோடு ஆசிரியருக்கான போதிய பயிற்சி போகவில்லை. இந்த இரண்டு கதைகளும் எல்காட் அதிகாரிகளுக்குத் தெரியாதவை அல்ல.

ஆய்வகங்களுக்குப் பணம் வரும் வழியிலும் ஒரு கல் விழுந்திருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசு, நாற்பது மாநிலம். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் அதன் வழியே புதிய கல்விக் கொள்கையையும் ஏற்காத காரணத்தால் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பட்ஜெட்டில் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்டவும் செய்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: ஒரு கொள்கையில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக வேறொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது பிள்ளைகள் மீது விழும் அடி. இப்படிப் பணம் இறுகும்போது புதுப் பொருள் வாங்குவது நிற்பதில்லை, அதற்கு விழா உண்டு. பயிற்சியும் பராமரிப்பும்தான் முதலில் நிற்கும்.

மடிக்கணினியின் கதை முடியவில்லை. 2025 மார்ச் 14-இல் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாக அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் முதல் பத்து இலட்சத்தை வழங்கத் தொடங்கினார்கள். கல்லூரிக்கே நேராகக் கொடுத்தது நல்ல திருத்தம். பழைய திட்டம் மறைமுகமாகச் செய்ததை இது வெளிப்படையாகச் செய்கிறது. பழைய பேட்டரி உருளைகளைவிடப் புதியவை நீடித்து உழைக்கும், சுழலும் தட்டும் இல்லை. ஆனாலும் 2030-இல் இவற்றின் பேட்டரிக்கும் வயதாகும்.

எனவே இரண்டு வேண்டுகோள். முதலாவது அரசுக்கு: அடுத்த டெண்டரில், வாங்கும் தொகையோடு நான்காம் ஆண்டில் ஒரு பேட்டரி மாற்றித் தருவதையும், மாவட்டந்தோறும் ஐ.டி.ஐ. வழியாகப் பழுது பார்ப்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பழையதை என்ன செய்வது என்பதையும் அங்கேயே எழுதுங்கள், மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதத்திலிருந்தே நடைமுறையில் இருக்கின்றன.

இரண்டாவது உங்களுக்கு. உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் படம் போட்ட மூடியோடு ஒரு மடிக்கணினி கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குப்பையில் போடாமல், நெருப்பருகே வைக்காமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஓர் எஸ்.எஸ்.டி.யும் ஒரு லினக்ஸும் போட்டால் தமிழில் தட்டச்சுப் பழக அது தாராளமாகப் போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். அப்புறம், உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை போங்கள். அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை, கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆய்வகத்தில் எத்தனை கணினிகள் இருக்கின்றன, இன்று எத்தனை ஓடுகின்றன, ஓடாதவை பற்றி எந்தத் தேதியில் யாருக்கு எழுதினீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.